அப்பாவுக்கு பியர் வாங்க முதல் திகதியைப் பாருங்கோ

அப்பாவுக்குப் பரிசாக கிராஃப்ட் பியர் (சின்ன ஆலைகள் காய்ச்சுகிற பியர்) வாங்கப் போனால், லேபிள் படத்தில் மயங்காமல் போத்தலைத் திருப்பி அடைத்த திகதியைப் பாருங்கோ. பிரிட்ஜுக்குள் இருக்கிற கடும் பழுப்புப் போத்தலை எடுங்கோ. கண்ணாடி அலுமாரியில் வெயில் பட நிற்கிறது விலை குறைவென்றாலும் வேண்டாம்.

காரணம் ஹொப்ஸ். பியருக்குக் கசப்பும் வாசமும் தருகிற அந்தப் பூவின் சத்து வெளிச்சம் பட்டால் மாறி, ஒரு கெட்ட நாத்தம் பிடிக்கும். பச்சைப் போத்தலும் வெள்ளைப் போத்தலும் வெளிச்சத்தைச் சரியாக மறிக்காது. சூடு மிச்ச வாசத்தையும் தின்றுவிடும். கொழும்பில் வாங்கித் திருகோணமலைக்கு பஸ்ஸில் கொண்டுவருகிறதென்றால் ஏறக்குறைய 260 கிலோமீற்றர். இரவு பஸ்ஸைப் பிடியுங்கோ, போத்தலை ஈரத் துவாயில் சுற்றிப் பையின் நடுவில் வையுங்கோ.

டின் என்றால் வெளிச்சப் பிரச்சினை இல்லை, திகதி மட்டும் போதும். அல்கஹோல் 8 வீதத்துக்கு மேற்பட்ட ஸ்டவுட் என்கிற கறுப்புப் பியர் சில மாதம் பழசென்றாலும் பெரிதாகக் கெடாது. போயாவுக்குக் கடை பூட்டு, முதல்நாளே வாங்குங்கோ. அப்பா சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுகிறவர் என்றால் இந்த யோசனையே வேண்டாம், நல்ல சாரம் ஒன்று எடுத்துக் குடுங்கோ.