காப்புரிமை ஆவணங்களைத் தேடிப் படிப்பது எப்படி? (அஸ்திவாரம், மின்கையொப்பம் இரண்டையும் வைத்து)

கட்டட அஸ்திவாரத்துக்கான ஸ்க்ரூ பைல் (சுருள் தகடு வைத்து மண்ணில் திருகி இறக்கும் எஃகுத் தூண்), ஆவணங்களில் மின்கையொப்பம் இடும் முறைகள் என்று இரண்டு துறைகளில் ஒரே சமயத்தில் பழைய கண்டுபிடிப்புகளைத் தேட வேண்டியிருந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத துறைகள்தான். தேடும் வழி ஒன்று, மாட்டிக்கொள்ளும் இடம்தான் வேறு. காப்புரிமைக்கு எப்படி விண்ணப்பிப்பது என்பது இந்தப் பதிவில் இல்லை.

படி 1: கருவி

கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பேட்டன்ட்ஸ்கோப். மூன்றும் இலவசம். படிக்க கூகுள், வகைப்பாட்டை (ஆவணங்களைத் துறைவாரியாகப் பிரித்து இடும் குறியீடுகளை) துழாவ எஸ்பாஸ்நெட் என்பது என் பழக்கம். பணம் கட்டும் தளங்கள் ஆரம்பத்தில் தேவையே இல்லை.

படி 2: சொல்லை விட்டுக் குறியீட்டுக்கு வாருங்கள்

ஃபவுண்டேஷன் என்று ஆங்கிலத்தில் தட்டினால் முகப்பூச்சு கிரீம்கள் வந்து நிற்கும். பைல் என்றால் கம்பள நெசவு. சிக்னேச்சர் என்றால் ரேடார், ஒலி அலை ஆய்வு என்று எங்கெங்கோ போகும். அதனால் சொல்லை வைத்துப் பொருத்தமான ஒரே ஒரு ஆவணத்தைப் பிடியுங்கள், போதும். அதன் பக்கத்திலேயே வகைப்பாட்டுக் குறியீடுகள் இருக்கும். அப்புறம் அந்தக் குறியீட்டை வைத்துத் தேடுங்கள்.

அஸ்திவாரம் தொடர்பானவை ஈ02டி என்ற பிரிவில் இருக்கின்றன. அதில் 27 என்ற குழு அஸ்திவார அமைப்புகளுக்கு, 5/56 ஸ்க்ரூ பைலுக்கு. இந்தப் பக்கம் வேலை சுலபம்.

கையொப்பப் பக்கம் அப்படியில்லை. டிஜிட்டல் கையொப்பத்தின் கணிதம் எச்04எல் 9/32-இன் கீழ் வரும். ஆவணம் திருத்தப்படாமல் காப்பது ஜி06எஃப் 21/64. ஆனால் யார் முதலில் கையெழுத்திட வேண்டும், அடுத்து யாருக்கு அனுப்ப வேண்டும் என்ற அலுவலக நடைமுறை சார்ந்தவை ஜி06க்யூ 10-இல் உட்கார்ந்திருக்கும். முதல் குறியீட்டோடு நிறுத்திக்கொண்டால் பாதி வலையை மட்டும் வீசியதுபோல் ஆகிவிடும்.

படி 3: தலைப்பை நம்பாதீர்கள், கிளெயிமைப் படியுங்கள்

கிளெயிம் என்பது காப்புரிமையில் எதெல்லாம் தனக்கே உரியது என்று கோரும் பகுதி. அதிக நேரம் பிடித்த படி இது. இரண்டு பழைய அமெரிக்கக் காப்புரிமைகளைப் பாருங்கள்.

ரால்ஃப் மெர்க்கல் 1979-இல் விண்ணப்பித்து 1982-இல் பெற்றது, எண் 4,309,569. டிஜிட்டல் கையொப்பம் வழங்கும் முறை என்பது அதன் தலைப்பு. தலைப்பை மட்டும் பார்த்தால் உலகத்தில் உள்ள எல்லா டிஜிட்டல் கையொப்பமும் அவருக்கே சொந்தம் என்று தோன்றும். கிளெயிமுக்குப் போனால்தான் விஷயம் தெரியும்: ஹாஷ் மதிப்புகளை (தரவிலிருந்து கணக்கிட்டு எடுக்கும் சுருக்க எண்களை) மரம்போல அடுக்கிச் சரிபார்க்கும் முறையைத்தான் அவர் கோருகிறார்.

அடுத்தது ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மேன் மூவரின் ஆர்எஸ்ஏ என்ற மறைகுறியீட்டு முறை, எண் 4,405,829. 1977 டிசம்பரில் விண்ணப்பித்து 1983-இல் கிடைத்தது. இதன் தலைப்பில் கையொப்பம் என்ற பேச்சே இல்லை. மறைகுறியீட்டுத் தகவல் தொடர்பு என்றுதான் இருக்கும். தலைப்பில் மட்டும் தேடுபவர் கையில் இது சிக்கவே சிக்காது. (விண்ணப்பிப்பதற்கு முன்பே முறையை வெளியிட்டுவிட்டதால் பெரும்பாலான மற்ற நாடுகளில் இதற்குக் காப்புரிமை பெற முடியாமல் போனது. அமெரிக்கச் சட்டம் ஓராண்டு அவகாசம் தருவதால் அங்கே தப்பித்தது.)

சரி, கிளெயிமை எப்படிப் படிப்பது? முதலில் வேறு எந்தக் கிளெயிமையும் சுட்டாமல் தனித்து நிற்கும் ஒன்றைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் அது முதல் எண்ணாக இருக்கும். அதை அப்படியே நகலெடுத்து, அரைப்புள்ளி வரும் இடமெல்லாம் உடைத்து வரிவரியாக எழுதுங்கள். ஒரு ஸ்க்ரூ பைல் கிளெயிம் இப்படி உடையும் என்று வைத்துக்கொள்வோம்: உள்ளீடற்ற எஃகுத் தண்டு, அதில் பற்றவைத்த சுருள் தகடு, இரண்டு தண்டுகளை இணைக்கும் அறுகோண மூட்டு, அந்த மூட்டைப் பூட்டும் போல்ட். உங்கள் வடிவமைப்பில் இந்த நான்கும் இருந்தால்தான் கிளெயிம் அப்படியே பொருந்தும். போல்ட் இல்லாமல் நீங்கள் செய்திருந்தால் சொல்லுக்குச் சொல் பொருந்தாது. ஆனால் உங்களுடையதில் ஐந்தாவதாக ஒன்று கூடுதலாக இருப்பதால் மட்டும் நீங்கள் தப்பிவிட முடியாது. புதிதாகப் படிப்பவர்கள் இதைத் தலைகீழாகத்தான் நினைக்கிறார்கள். இதற்கு மேல், சமமான மாற்று (சொல்லுக்குச் சொல் பொருந்தாவிட்டாலும் அதே வேலையை அதே விதமாகச் செய்வது) என்று நீதிமன்றங்கள் பார்க்கும் இன்னொரு கணக்கும் உண்டு. பணம் போடுவதற்கு முன் வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

படி 4: உயிரோடு இருக்கிறதா?

ஆவண எண்ணின் கடைசியில் ஏ1 என்றிருந்தால் பொதுவாக அது வெளியான விண்ணப்பம் மட்டுமே. பி1, பி2 என்றால் வழங்கப்பட்டது. ஆயுள் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள், அதுவும் கட்டணம் கட்டிவந்தால்தான். காலாவதியானது என்றதும் மூடிவிடாதீர்கள். அது இனி எல்லோருக்கும் பொது, தாராளமாகப் பயன்படுத்தலாம். அலெக்சாண்டர் மிட்செல் ஸ்க்ரூ பைலுக்குக் காப்புரிமை பெற்றது 1833-இல். சுருளை மண்ணில் திருகி இறக்கும் அடிப்படை யோசனையை இன்று யாரும் தனதென்று கோர முடியாது. இன்றைய ஆவணங்கள் மூட்டு, தகட்டின் வடிவம், இறக்கும் இயந்திரம் என்று சின்னச் சின்ன மேம்பாடுகளையே கோருகின்றன.

படி 5: முன்னும் பின்னும்

நல்ல ஆவணம் ஒன்று கிடைத்ததும், அது மேற்கோள் காட்டியவை, அதை மேற்கோள் காட்டியவை என இரு பட்டியல்களையும் திறந்துவிடுங்கள். குறியீட்டுக்கும் சிக்காதவை இங்கே வந்து விழும்.

பின்சேர்க்கை

"எதுவும் கிடைக்கவில்லை, அப்படியென்றால் என் யோசனை புதியதுதானே?" என்று சிலர் கேட்டிருந்தார்கள். விண்ணப்பங்கள் பொதுவாக 18 மாதங்கள் கழித்தே வெளியாகும். போன வருடம் யாராவது விண்ணப்பித்திருந்தால் இன்று உங்களால் பார்க்க முடியாமல் போகலாம். காப்புரிமையாக இல்லாமல் ஆய்வுக் கட்டுரையாகவோ விற்பனைப் பொருளாகவோ வெளிவந்திருந்தாலும் அது புதியது ஆகாது.

இன்னொருவர் சீன ஆவணங்களின் இயந்திர மொழிபெயர்ப்பு புரியவில்லை என்றார். அஸ்திவாரப் பிரிவில் இது அடிக்கடி நடக்கும். படத்தைத் திறந்து, அதிலுள்ள எண்களை விவரணையில் தேடி ஒவ்வொரு பாகமாகப் பொருத்துங்கள். மொழிபெயர்ப்பு ஒரே பாகத்துக்கு மூன்று பெயர் வைத்திருந்தாலும் எண் மாறாது. கூடவே, சீன எண்ணின் முடிவில் யூ என்ற எழுத்து இருந்தால் அது பயன்பாட்டு மாதிரி. வழக்கமான காப்புரிமைக்குரிய முழு ஆய்வு இல்லாமலே வழங்கப்படுவது. ஆனால் அதில் வெளியான யோசனை வெளியானதுதான், உங்கள் பட்டியலில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.