பயிற்சி நேரத்துக்குக் கணக்கு வைப்பது எப்படி? வேலைக்குப் போய்க்கொண்டே கற்பவர்களுக்கு

கிடாரோ, புது மொழியோ, ஓவியமோ எதுவானாலும், "தினம் ஒரு மணி நேரம் பழகுகிறேன்" என்று மனம் சொல்லும் கணக்கை நம்ப வேண்டாம். சுருதி கூட்டியது, வீடியோ தேடியது, நடுவில் போனைப் பார்த்தது எல்லாம் அந்த ஒரு மணிக்குள்தான் இருக்கும்.

படி 1: நோட்டில் ஐந்து கட்டங்கள் போடுங்கள். தேதி, தொடங்கிய நேரம், கடினமானதில் போன நிமிடம், ஏற்கெனவே வந்ததில் போன நிமிடம், ஒரு வரிக் குறிப்பு. செயலி எதுவும் தேவையில்லை. போனைத் திறந்தால் கவனம் வேறெங்கோ போய்விடும்.

படி 2: கருவி கைக்கு வந்து, முதல் ஸ்வரத்தை வாசிக்கும்போது டைமரை ஓடவிடுங்கள். எழுந்தால் நிறுத்துங்கள். பாடம் பார்ப்பதும் கேட்பதும் இந்தக் கணக்கில் சேராது.

படி 3: நிமிடங்களை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். இந்த முறையின் உயிரே இதில்தான். வந்துவிட்ட பாட்டையே திரும்பத் திரும்ப வாசிப்பது சுகமாக இருக்கும், மொத்த நேரமும் மளமளவென ஏறும், ஆனால் கை முன்னேறாது. 25 நிமிடம் உட்கார்ந்தால் முதல் 15 நிமிடம் தடுமாறும் இடத்துக்கு, கடைசி 10 பழகியதற்கு. வரிசையை மாற்றினால் களைத்த பிறகுதான் கடினமானதைத் தொடுவீர்கள்.

குறிப்பு வரியில் "நன்றாகப் போனது" என்று எழுதிப் பயனில்லை. "சி கார்டிலிருந்து (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) எஃப் கார்டுக்கு மாறும்போது தடை, வேகம் நிமிடத்துக்கு 60 தட்டு" என்று எழுதினால், மறுநாள் எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

படி 4: வாரக் கடைசியில் கூட்டுங்கள். எக்செல்லில் போடுபவர்கள் நிமிடத்தை வெறும் எண்ணாகவே உள்ளிடுங்கள். மணி:நிமிடம் வடிவில் போட்டால், கூட்டல் 24 மணியைத் தாண்டியதும் வழக்கமான அமைப்பில் மறுபடி 0-விலிருந்து காட்டும்.

தினம் 25 நிமிடம், வாரம் 5 நாள், 48 வாரம்: 100 மணி நேரம். முதல் ஆண்டுக்கு இந்த இலக்கு போதும். தேர்ச்சி பெற 10,000 மணி நேரம் பழக வேண்டும் என்ற பேச்சைக் கேட்டு மலைக்க வேண்டாம். 1993-இல் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பெர்லினின் மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் 20 வயதுக்குள் பழகிய நேரத்தின் சராசரி அது. பொழுதுபோக்காகக் கற்பவருக்கு அது அளவுகோலே இல்லை.

படி 5: மாதம் ஒருமுறை அதே பகுதியை வாசித்துப் பதிவு செய்யுங்கள். நேரம் கூடியும் பதிவு மாறவில்லையென்றால், கடினமான நிமிடங்களின் கட்டத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அது காலியாக இருக்கும். அங்கும் நிமிடங்கள் நிறைந்திருந்தால், எடுத்த பகுதி பெரிது. நான்கு தாளக் கட்டு (bar) நீளத்தை இரண்டாகக் குறைத்து, வேகத்தையும் இறக்குங்கள்.

விட்டுப்போன நாளுக்கு 0 போடுங்கள். நினைவிலிருந்து நிரப்பினால் எண்கள் பெரும்பாலும் பெரிதாகத்தான் வரும். மறுநாள் 50 நிமிடம் உட்கார்ந்து ஈடுகட்டவும் வேண்டாம், வழக்கமான 25-தான்.