டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா? மோட்டோகிராஸ் டிராக்கில் ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2002-ல் அமெரிக்க வீரர் ரிக்கி கார்மைக்கேல் ஹோண்டா சிஆர்250ஆர் டூ ஸ்ட்ரோக்கில் அமெரிக்க அவுட்டோர் மோட்டோகிராஸ் (திறந்தவெளி மண் டிராக் பந்தயம்) தொடரின் 24 மோட்டோக்களையும் (தனித்தனி ஓட்டங்கள்) வென்றார். 2004-ல் அதே ஹோண்டாவின் சிஆர்எஃப்450ஆர் ஃபோர் ஸ்ட்ரோக்கில் மறுபடியும் 24-க்கு 24. இரண்டில் எந்த வண்டி வேகம் என்று இதை வைத்துச் சொல்ல முடியுமா? முடியாது. ஓட்டிய ஆள் அப்படி.

பழைய டூ ஸ்ட்ரோக்கையும் இன்றைய ஃபோர் ஸ்ட்ரோக்கையும் ஒரே டிராக்கில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறவர்களில் பலர் இன்ஜினை ஒப்பிடுவதே இல்லை. வண்டியின் வயதை, டயரை, மண்ணின் ஈரத்தை, தங்கள் கைப்பழக்கத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். எனக்கு டூ ஸ்ட்ரோக் மீது தீராத ஆசை உண்டு. அதனாலேயே, தோற்றாலும் அது நியாயமான ஒப்பீட்டில் தோற்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

முதலில் சிசி, அதாவது இன்ஜினின் கொள்ளளவு. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் ஒருமுறை சுற்றினாலே ஒரு வெடிப்பு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்று. அதனால்தான் பந்தய விதிகள் 125 டூ ஸ்ட்ரோக்குக்கு எதிரே 250 ஃபோர் ஸ்ட்ரோக்கையும், 250-க்கு எதிரே 450-ஐயும் நிறுத்தின. 1997-ல் லாஸ் வேகஸ் சூப்பர்கிராஸில் (ஸ்டேடியத்துக்குள் நடக்கும் மோட்டோகிராஸ்) டக் ஹென்றி யமஹாவின் ஒய்இசட்எம்400எஃப் வண்டியில் ஜெயித்ததும், அடுத்த ஆண்டே ஒய்இசட்400எஃப் வண்டியில் அவுட்டோர் 250 பட்டத்தை எடுத்ததும் இந்தச் சலுகையின் துணையோடுதான். ஆகவே 250 டூ ஸ்ட்ரோக்கை 250 ஃபோர் ஸ்ட்ரோக்கோடு ஓடவிட்டு "பார்த்தீர்களா, டூ ஸ்ட்ரோக்தான் ராஜா" என்பதும், 450-யோடு ஓடவிட்டு "அதன் காலம் முடிந்தது" என்பதும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில்கள். எந்தக் கேள்வியைக் கேட்கிறோம் என்பதை ஓட்டுவதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மிகப் பெரிய தவறு வயதைக் கவனிக்காமல் விடுவது. 1990-களின் ஹோண்டா சிஆரையோ கவாஸாகி கேஎக்ஸையோ ஷெட்டிலிருந்து இறக்கி, போன மாதம் வாங்கிய 450-யின் பக்கத்தில் நிறுத்தினால், இடையில் ஃபோர்க், ஷாக், ஃபிரேம், பிரேக் என்று எல்லாமே மாறிவிட்டன. பிரேக் பிடிக்கும் இடத்து மேடுபள்ளங்களில் பழைய வண்டி உதறுகிறது என்றால் அந்தப் பழி ஃபோர்க்குக்கு உரியது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு அதில் பங்கு இல்லை. யமஹா ஒய்இசட்250-க்கு 2005-லேயே அலுமினிய ஃபிரேம் வந்துவிட்டது. கேடிஎம் 2023 மாடல் எஸ்எக்ஸ் டூ ஸ்ட்ரோக்குகளுக்கு ஃபியூயல் இன்ஜெக்‌ஷனும் செல்ஃப் ஸ்டார்ட்டும் கொடுத்தது. இன்ஜினைத்தான் ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே நிறுவனத்தின், ஏறக்குறைய ஒரே ஆண்டின் இரண்டு வண்டிகளை எடுங்கள். இரண்டிலும் ஒரே டயர், ஒரே காற்றழுத்தம். சஸ்பென்ஷன் சேகை (நீங்கள் ஏறியதும் வண்டி அமுங்கும் அளவு) உங்கள் எடைக்கு ஏற்ப இரண்டிலும் அளந்து வையுங்கள்.

பழைய வண்டிதான் வேண்டும் என்றால் அதன் உடல்நிலையைப் பாருங்கள். பல வருடம் நின்ற டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சீல் இறுகிப்போயிருக்கும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் காற்றை இழுத்துக் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறைந்துபோகும். கிளட்ச் பக்கத்து சீல் போனால் கியர் ஆயிலை இழுத்துப் புகை கக்கும். பவர் வால்வில் (புகை வெளியேறும் துவாரத்தை ஆர்பிஎம்முக்கு ஏற்ப மாற்றும் வால்வு) கரி பிடித்து மூடியபடி நின்றுவிட்டால் மேல் ஆர்பிஎம்மில் மூச்சுத் திணறும், திறந்தபடி நின்றால் கீழே இழுவையே இருக்காது. கலவையை உள்ளே விடும் ரீட் வால்வு இதழின் முனை உடைந்திருக்கலாம். சைலன்சர் பேக்கிங் எரிந்திருக்கலாம். கார்புரேட்டர் ஜெட்டிங் (பெட்ரோல் அளவின் அமைப்பு) குளிர்காலக் காலைக்கு வைத்தது மதிய வெயிலுக்கு ஒத்துவராது. இன்ஜெக்‌ஷன் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். இதையெல்லாம் பார்க்காமல் ஓட்டினால், நோயாளியை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பியது போலத்தான்.

நம்மூர் வாசகர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். டூ ஸ்ட்ரோக் என்றதும் நமக்கு ஆர்எக்ஸ் 100 ஞாபகம்தான் வரும். அது காற்றில் குளிரும், பவர் வால்வு இல்லாத, 11 குதிரைத்திறன் கொண்ட ரோடு வண்டி. அந்த ஞாபகத்தோடு மோட்டோகிராஸ் 250-யின் மேல் ஏறி, கை முறுக்கியதும் முன்சக்கரம் முகத்துக்கு வந்தால் அதிர்ச்சி அடையக் கூடாது.

எடையில் ஒரு சின்னப் பொறி உண்டு. பழைய கேட்டலாக்கில் இருப்பது பெரும்பாலும் பெட்ரோல், ஆயில், கூலன்ட் இல்லாத எடை. இன்று பல நிறுவனங்கள் எல்லாம் நிரப்பிய எடையைப் போடுகின்றன. ஏழரை லிட்டர் டேங்க் என்றால் பெட்ரோல் மட்டுமே ஐந்தரை கிலோ. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துங்கள்.

இனி ஓட்டும் முறை. ஃபோர் ஸ்ட்ரோக்கில் பழகியவர் ஆக்ஸிலேட்டரை விட்டதுமே இன்ஜின் பிடித்து நிறுத்தும் என்று நம்பி வளைவுக்குள் போவார். டூ ஸ்ட்ரோக்கில் அந்தப் பிடி சொற்பம். வண்டி வழுக்கிக்கொண்டே போகும். அங்கே பிரேக்கை முன்னதாகவும் அழுத்தமாகவும் பிடிக்க வேண்டும். ரட்டுக்குள் (டயர்கள் உழுத பள்ளத்துக்குள்) 450-யை மூன்றாவது கியரிலேயே விட்டு இழுக்கலாம். 250 டூ ஸ்ட்ரோக்குக்கு இரண்டாவது கியரும், கிளட்சில் விடாமல் ஒரு விரலும் வேண்டும். ஒரே பாணியில் இரண்டையும் ஓட்டுவது நியாயமான சோதனை போலத் தோன்றும். உண்மையில் அது பழக்கமில்லாத வண்டிக்குச் செய்கிற அநியாயம். புதிய வண்டியில் ஓரிரு நாளாவது ஓட்டிப் பழகிய பிறகே கடிகாரத்தை எடுங்கள்.

காதை நம்பாதீர்கள். டூ ஸ்ட்ரோக் கத்தும், பின்சக்கரம் மண்ணை வாரி இறைக்கும், உடம்பெல்லாம் பறப்பது போல இருக்கும். 450 தாழ்ந்த குரலில் உறுமியபடி மண்ணைப் பிடித்துக்கொண்டு போகும், மந்தமாகத் தெரியும். நேரத்தைப் பார்த்தால் பல சமயம் தலைகீழாக இருக்கும். நானே இதில் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

நேரம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். காலையில் உழுது தண்ணீர் தெளித்த டிராக் வேறு, மதியம் குழிவிழுந்து காய்ந்த டிராக் வேறு. காலையில் ஒன்று, மதியம் மற்றொன்று என்று ஓட்டினால் அளந்தது டிராக்கைத்தான். முதலில் டூ ஸ்ட்ரோக், பிறகு ஃபோர் ஸ்ட்ரோக், மறுபடி ஃபோர் ஸ்ட்ரோக், கடைசியில் டூ ஸ்ட்ரோக் என்று மாற்றி ஓட்டினால் மண்ணின் மாற்றமும் உடல் களைப்பும் இரண்டுக்கும் ஓரளவு சமமாகப் பங்காகும். ஒரே ஒரு சிறந்த லேப்பை எடுத்துக்காட்டுவதும் வேண்டாம். அமெரிக்க அவுட்டோரில் ஒரு மோட்டோ என்பது 30 நிமிடமும் அதற்கு மேல் 2 லேப்பும். முன்கை இறுகி, கிளட்ச் விரல் மரத்துப்போகும் அந்தக் கடைசி லேப்களின் நேரத்தையும் தாளில் எழுதுங்கள், முடிந்தால் ஸ்டார்ட், வூப்ஸ் (வரிசையான மேடுகள்), ரட் வளைவு, ஏற்றம் என்று பகுதி பகுதியாக.