செவ்வியல் நாவலும் இளையோர் நாவலும்: சேலத்திலும் ஏற்காட்டிலும் வாசிப்பவர்களுக்கு

இளையோர் நாவல் வேண்டும் என்று ஒரு பெரியவர் கேட்டால் கடைக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்பதுதான். "எனக்குத்தான்" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எட்டு வயதுப் பிள்ளைக்கான படக்கதையை எடுத்து நீட்டுவார். "13 முதல் 18 வயதுக்காரங்களுக்கு எழுதின நாவல்" என்று வயதைச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது. நூலகத்திலும் இதே சிக்கல்தான்: இந்த நாவல்கள் சில சமயம் சிறுவர் அலமாரியில் இருக்கும், சில சமயம் ஆங்கிலப் புனைவு அலமாரியில் இருக்கும். இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

காலம் தாண்டி நிற்கும் பழைய செவ்வியல் நாவல்களை மட்டும் அடுக்கிவைத்துப் படிப்பவர்கள் இரண்டு மூன்றோடு களைத்துப் போகிறார்கள். இளையோர் நாவல்களை மட்டும் படித்தாலோ, கொஞ்ச நாளில் எல்லாக் கதைசொல்லிகளும் ஒரே குரலில் பேசுவதுபோல் ஆகிவிடும். இரண்டையும் ஜோடி சேர்த்துப் படித்தால் இரண்டுமே தப்பிக்கும். ஜோடி சேர்க்கும்போது காலத்தையோ நாட்டையோ பார்க்க வேண்டாம். நாயகனுக்கு என்ன சிக்கல் என்று பாருங்கள்.

நல்ல தொடக்க ஜோடி ஒன்று. எஸ். இ. ஹின்டன் பள்ளி மாணவியாக இருக்கும்போதே எழுதி 1967இல் வெளிவந்தது 'தி அவுட்சைடர்ஸ்'. மொத்தம் 12 அத்தியாயம். ஒரு சனி ஞாயிறு போதும். அதில் கதை சொல்லும் போனிபாய், பள்ளிக்கூடத்தில் படித்த டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாயகன் பிப்பைத் தன்னோடு ஒப்பிட்டுப் பார்க்கிறான். ஏழ்மையால் வரும் கூச்சம்தான் இரண்டு பையன்களுக்கும் பொது. ஆக, நூலே அடுத்த நூலைக் கைகாட்டிவிடுகிறது. சிறியதை முதலில் படியுங்கள். டிக்கன்ஸை முடித்த கையோடு அதை எடுத்தால் சப்பென்று இருக்கும். குறை நூலில் இல்லை, வரிசையில்தான்.

அநாதைப் பெண், கடுமையான விடுதிப் பள்ளி என்றால் 'ஜேன் அயர்' (1847). முதல் பத்து அத்தியாயங்கள் சிறுமிப் பருவமும் பள்ளிக்கூடமும்தான்; இளையோர் நாவல் பழக்கமுள்ளவர்களுக்கு உள்ளே போக இதைவிட அகலமான வாசல் கிடைப்பது கஷ்டம். 'ட்ரெஷர் ஐலண்ட்' இன்று செவ்வியல் வரிசையில் நிற்கிறது. ஆனால் 1881–82இல் சிறுவர் வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதை அது. தமிழில் 'பொன்னியின் செல்வ'னை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று சண்டை போட வேண்டியதில்லை. குதிரையில் வந்து இறங்கும் வந்தியத்தேவனை இளையோர் நாவல் நாயகனாகவே படிக்கலாம், நன்றாகவே ஓடும். பி. ஆர். ராஜம் ஐயரின் பழைய நாவலான 'கமலாம்பாள் சரித்திர'த்தை முதலில் எடுக்க வேண்டாம். அதன் கிண்டல் பிடிபட வேண்டுமானால் பழைய உரைநடை கொஞ்சம் பழகியிருக்க வேண்டும்.

புதிதாக வரும் இளையோர் நாவல்களுக்கு, அமெரிக்காவின் பிரின்ட்ஸ் விருதுப் பட்டியல் (2000 முதல்) நம்பகமான வழிகாட்டி. பரிசு பெற்றதோடு நிற்காமல், கூடவே அறிவிக்கும் சிறப்பு நூல்களையும் பாருங்கள். சாகித்ய அகாடமியின் பால சாகித்ய புரஸ்கார் 2010 முதல் தமிழுக்கும் உண்டு. ஆனால் அதில் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகளுக்கான நூல்கள்தான். பதின்பருவத்துக்கு உரியதை நீங்கள்தான் பொறுக்கி எடுக்க வேண்டும்.

எந்தப் பதிப்பு

ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆங்கில செவ்வியல் நூல்களில் பல, வெட்டிச் சுருக்கிய பள்ளிப் பதிப்பாக இருக்கும். தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பொடி எழுத்தில் 'அப்ரிட்ஜ்ட்' என்றோ, தமிழில் 'சுருக்கம்', 'தழுவல்' என்றோ போட்டிருப்பார்கள். சிலர் அதையும் போடுவதில்லை. அதனால் அத்தியாயங்களை எண்ணிவிடுங்கள். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 59, 'ஜேன் அயர்' 38, 'ட்ரெஷர் ஐலண்ட்' 34, 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகமும் சேர்த்து 293. சில பதிப்புகளில் 'ஜேன் அயர்' மூன்று தொகுதியாகப் பிரிந்து, ஒவ்வொன்றிலும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும்: 15, 11, 12. கூட்டிப் பாருங்கள்.

'ஃபிராங்கன்ஸ்டைன்' வாங்கினால் 1818ஆம் ஆண்டுப் பிரதியா, மேரி ஷெல்லி திருத்திய 1831 பிரதியா என்று பாருங்கள், இரண்டும் வேறு. பதினெட்டு வயதில் எழுதத் தொடங்கிய பெண்ணின் வேகம் வேண்டுமென்றால் 1818.

கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமை ஆனதால் 'பொன்னியின் செல்வ'னைப் பல பதிப்பகங்கள் போடுகின்றன. ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகக் கட்டிய பதிப்பைத் தவிர்த்துவிடுங்கள். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, புத்தகத்தின் முதுகு நடுவில் பிளந்துவிடும். எந்த நூலானாலும் கடையிலேயே நடுப்பக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். வரியின் ஓரம் முதுகுக்குள் போய் மறைந்தால், படிக்கும்போது அழுத்தி விரிக்க வேண்டிவரும்; பசை விட்டுத் தாள் கழன்று வரும்.

காசில்லாமல் படிக்க, இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு கழிந்து காப்புரிமை முடிந்திருந்தால் போதும். மொழிபெயர்ப்புக்குத் தனிக் காப்புரிமை உண்டு என்பதை மறக்க வேண்டாம். மூலம் பொதுவில் இருந்தாலும் போன வருடம் வந்த மொழிபெயர்ப்பு இலவசம் ஆகாது. பழைய தமிழ் நாவல்களுக்கு, இணையத்தில் தமிழ் நூல்களை இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும் தேடிப் பாருங்கள்.

எவ்வளவு, எப்போது

தொடர்கதையாக வந்ததைத் தொடர்கதையாகவே படியுங்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரா வாரம் வந்தது. ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் கல்கி கொக்கி போட்டு நிறுத்தியிருப்பார். ஒரே மூச்சில் ஐம்பது அத்தியாயம் படித்தால் அந்தக் கொக்கிகளே அலுத்துப்போகும். நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்றால் ஐந்து மாதத்தில் முடியும். டிக்கன்ஸ் நாளுக்கு ஒன்று, இரண்டு மாதம். இளையோர் நாவலுக்கு நேர்மாறு: இரண்டு மூன்று அமர்வில் முடித்துவிட வேண்டும். நாலு நாள் விட்டுப் பிடித்தால் அந்தக் குரலின் சூடு ஆறிவிடும்.

முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். செவ்வியல் பதிப்பின் முன்னுரைகள் கூச்சமே இல்லாமல் முடிவைப் போட்டு உடைக்கும். ரஷ்ய நாவல் என்றால் ஒரு கெட்டி அட்டையில் பெயர்களை எழுதி, அதையே பக்க அடையாளமாக வையுங்கள். ஒரே ஆளுக்கு முதற்பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர், செல்லப் பெயர் என்று நாலு இருக்கும். தெரியாத சொல்லுக்கெல்லாம் அகராதியைப் புரட்ட வேண்டாம். ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்துவிட்டு, அத்தியாயம் முடிந்தபின் பாருங்கள். பாதிப் புள்ளிகள் தானாகவே விளங்கியிருக்கும்.

பிடிக்கவில்லையென்றால் விடுவதற்கும் ஒரு கணக்கு வேண்டும். இளையோர் நாவலுக்கு 50 பக்கம். செவ்வியலுக்கு 100, ஏனென்றால் பழைய நாவல்கள் ஊரையும் வம்சத்தையும் சொல்லி முடித்த பிறகுதான் நகரவே தொடங்கும்.

சேலத்திலிருந்து சென்னை போகிறவர்களுக்கு: ஏற்காடு எக்ஸ்பிரஸ் ராத்திரி வண்டி, விளக்கை அணைத்துவிடுவார்கள். பகலில் போகும் கோவை எக்ஸ்பிரஸில் ஓர் இளையோர் நாவல் ஏறக்குறைய முடிந்துவிடும். ஏற்காடு பேருந்தில் அடிவாரம் வரை படிக்கலாம். அதற்கு மேல் இருபது கொண்டை ஊசி வளைவு. புத்தகத்தை மூடிவிடுங்கள், வயிறு நன்றி சொல்லும்.

மலையிலும் கீழேயும் வைத்துக்கொள்ள

சேலத்தில் எதிரி வெயில். நிறுத்திய காருக்குள்ளும் வண்டிப் பெட்டிக்குள்ளும் ஏப்ரல், மே மாதங்களில் புத்தகத்தை விடாதீர்கள். முதுகுப் பசை இளகித் தாள் நழுவும்.

ஏற்காட்டில் எதிரி ஈரம். மழை மாதங்களில் மூடுபனி ஜன்னல் வழியாக அலமாரிக்குள்ளேயே வந்துவிடும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கி அலமாரியில் வையுங்கள். அலமாரி வெளிச்சுவரை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி நிற்கட்டும். புத்தகங்களை நெருக்கித் திணிக்காமல், ஒரு விரல் நுழையும் அளவு தளர்த்தி வையுங்கள். மூடிய அலமாரியென்றால் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போடலாம். நிறம் மாறும் வகையாக வாங்கினால், எப்போது மீண்டும் காயவைக்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும். ரசகற்பூர உருண்டை பூச்சியை விரட்டும், பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது.

பூஞ்சணம் பிடித்த நூலை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, மின்விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கும். காய்ந்தபின் வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். உச்சி வெயிலில் விரித்துப் போட்டால் தாள் மஞ்சளாகி மொறமொறக்கும்.

பழைய கடையில் வாங்கிய நூலில் பூச்சித் துளை தெரிந்தால், காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் போட்டு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். பூச்சியும் முட்டையும் சாகும். பூஞ்சணம் சாகாது, உறங்கும், அவ்வளவுதான். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்க உறையைப் பிரிக்காதீர்கள். சில்லிட்ட தாளில் காற்றின் ஈரம் வேர்த்துப் படியும், அதுவும் ஏற்காட்டில் கேட்கவே வேண்டாம்.