குறைந்த காசில் முதல் கம்பியூட்டர்: மலையகத்து வீட்டுக்கு ஏற்ற திட்டம்

ஏ.எல் ஐசிடி படிக்கும் பிள்ளைக்கோ, வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கோ ஒரு கம்பியூட்டரைச் சொந்தமாகப் பொருத்த நினைப்பவர்களுக்காக இது. திருகாணி முடுக்குவது அரை நாள் வேலை, அதைக் காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. காசு வீணாவது அதற்கு முன், எதை எதோடு சேர்த்து வாங்குவது என்ற இடத்தில்தான். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய மதர்போர்டும் (எல்லாப் பாகமும் ஏறும் பலகை) ப்ரொசசரும் (கணக்குப் போடும் சிப்) ஒத்துவரவில்லை என்றால், ஹட்டன்காரருக்கும் பதுளைக்காரருக்கும் இன்னொரு நாள் பஸ்ஸிலேயே போய்விடும். அதனால் திட்டம் தாளில் முடிந்த பிறகு காசை எடுங்கள்.

முதலில் சுவரைப் பாருங்கள்

பார்ட்ஸ் பட்டியல் எழுதுவதற்கு முன், மேசை வைக்கப்போகும் இடத்து ப்ளக்கைப் பாருங்கள். பழைய லயன் வீடுகளில் சொக்கெட்டில் மூன்று துளை இருந்தாலும் எர்த் துளைக்குப் பின்னால் வயர் இல்லாமல் இருக்கலாம். டெஸ்டர் லைனை மட்டுமே காட்டும், எர்த் உண்டா இல்லையா என்பது அதில் தெரியாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தையும் ட்ரிப் சுவிச்சையும் சோதித்து வாங்குங்கள். இந்தச் செலவையும் கம்பியூட்டர் கணக்கிலேயே போடுங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பவர் சப்ளைக்குள் (சுவர்க் கரண்டைக் கம்பியூட்டருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் லைனுக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையே கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி கேசிங்கில் நிற்கும். தொட்டால் சுரீரென்பது அதனால்தான். மொனிட்டர் கேபிளையோ யூஎஸ்பியையோ செருகும்போது போர்ட் சாகவும் இது காரணமாகலாம். எர்த் இல்லாத வீட்டில் சர்ஜ் ப்ரொடெக்டரும் பாதி வேலையே செய்யும்.

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கும்போது சுவிச்சை அணைப்பது போதாது. ப்ளக்கைக் கழற்றுங்கள், ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் மதர்போர்டுக்குள் வரும்.

ப்ரொசசர்: கடைசி எழுத்தைப் படியுங்கள்

காசு குறைவென்றால் கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டாம். படம் காட்டும் பகுதி உள்ளேயே இருக்கும் ப்ரொசசரை வாங்குங்கள். தடுமாறும் இடமும் இதுதான். இன்டெல் ஐ3-12100ல் கிராஃபிக்ஸ் உண்டு, 12100எஃப்-இல் கிடையாது. எஃப் கொஞ்சம் மலிவு, கடைக்காரரும் அதை முன்னே வைப்பார். அதை வாங்கிப் பொருத்தினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். ஏஎம்டியில் இது தலைகீழ்: ரைசன் 5 5600ஜி-இல் கிராஃபிக்ஸ் உண்டு, வெறும் 5600, 5500 இரண்டிலும் கிடையாது.

இந்த இரண்டில் என் தேர்வு 5600ஜி. ஆறு கோர், பன்னிரண்டு திரெட், அதாவது ஒரே நேரத்தில் பல வேலைகளைப் பங்கு போட்டுச் செய்யும். உள் கிராஃபிக்ஸும் 12100இனுடையதைவிடத் தெளிவாக வேகம். சின்ன விளையாட்டுகளும் வீடியோ எடிட்டிங்கும் ஓடும். ஆனால் ஒரு பொறி உண்டு. இதை ஏற்றும் மதர்போர்டு வகைகளில் ஒன்றான பி450 போர்டுகள் 2018இலேயே வந்தவை, 5600ஜி 2021இல் வந்தது. கடையில் கிடந்த பழைய போர்டில் பயோஸைப் (கம்பியூட்டரை முதலில் எழுப்பும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பிக்காமல் அந்த ப்ரொசசர் உயிர் பெறாது. 12100க்கு எச்610 போர்ட் என்றால் இந்தக் கவலையே இல்லை, இரண்டும் ஒரே தலைமுறை. அங்கே பார்க்க வேண்டியது வேறு: எச்610 டிடிஆர்4, டிடிஆர்5 என்ற இரண்டு ரேம் தலைமுறைக்கும் தனித்தனியாக வருகிறது. ஒன்றின் ரேம் மற்றதில் இறங்காது.

வழி எதுவானாலும், கடையிலேயே ப்ரொசசரையும் ரேமையும் போர்டில் ஏற்றி, கேசிங் இல்லாமலே கரண்ட் கொடுத்து, பயோஸ் திரையைக் காட்டச் சொல்லுங்கள். கூரியரில் எடுப்பவர்கள் அனுப்புமுன் அந்தத் திரையைப் படமெடுத்து அனுப்பக் கேளுங்கள். எச்610 போர்டென்றால் சொக்கெட் ஊசிகளின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். வளைந்த ஊசிக்குப் பொதுவாக வாரண்டி கிடையாது.

ரேம், எஸ்எஸ்டி

ஒரே 16 ஜிபி குச்சியைவிட இரண்டு 8 ஜிபி குச்சி நல்லது. உள் கிராஃபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு குச்சி என்றால் ரேமுக்குப் போய்வரும் பாதை பாதியாகிவிடும், விளையாட்டில் அது உடனே தெரியும். நான்கு துளை உள்ள போர்டில் ப்ரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். 2025 கடைசியில் ரேம் விலை உலகம் முழுக்க ஏறியது. கை மிகவும் இறுக்கமாக இருந்தால் இப்போதைக்கு ஒரு 8 ஜிபி போட்டுவிட்டு, பிறகு அதே வேகத்தில் இன்னொன்றைச் சேருங்கள்.

எஸ்எஸ்டியில் (எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் டிஸ்க்) 500 ஜிபி என்விஎம்ஈ, அதாவது வேகமான வகை, போதும். 5600ஜி மூன்றாம் தலைமுறை பிசிஐஈ (இந்த எஸ்எஸ்டி ப்ரொசசரோடு பேசும் பாதை) வரைதான் போகும், ஆகவே நான்காம் தலைமுறை எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் பலனில்லை. போர்டில் நேராகச் செருகும் இந்த எம்.2 வடிவத்தில் மெதுவான சாட்டா வகையும் உண்டு, பார்க்க அதே மாதிரி இருக்கும். பெட்டியில் என்விஎம்ஈ என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பவர் சப்ளை: இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்

கேசிங்கோடு இலவசமாக வரும் பவர் சப்ளையை நம்பாதீர்கள். பக்கத்து ஸ்டிக்கரில் பெரிதாக 500 வாட் என்று இருக்கும். நீங்கள் படிக்க வேண்டியது 12 வோல்ட் வரி. அங்கே 18 ஆம்ப் என்றிருந்தால் 12ஐ 18ஆல் பெருக்குங்கள்: 216 வாட். ப்ரொசசர் தின்பது அந்த வரியிலிருந்துதான். 80 பிளஸ் சான்று (கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கானது) உள்ள 450 வாட் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அதற்கான காசைக் கேசிங்கில் குறையுங்கள். கண்ணாடியும் கலர் விளக்கும் இல்லாத, முன்பக்கம் வலை போட்ட கேசிங் போதும்.

கூலரிலும் குறைக்கலாம். நுவரெலியா, தலவாக்கலை, பண்டாரவளைக் குளிருக்குப் பெட்டியோடு வரும் கூலர் தாராளம், அதில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் முன்பே பூசியிருக்கும். ஆனால் விறகடுப்புச் சுவர் ஓரமாக வைக்காதீர்கள். புகைக்கரி தூசியோடு சேர்ந்து ஃபேனில் பிசினாக ஒட்டிக்கொள்ளும், ஊதினாலும் போகாது. மழைக்காலத்தில் ஈரம் ஊறும் சுவரிலிருந்தும் ஒரு அடி தள்ளி வையுங்கள்.

மாலையில் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கர் ஏறும்போது வோல்ட்டேஜ் இறங்கும் தோட்டமென்றால் 650 விஏ யூபிஎஸ் ஒன்று அவசியம். இந்த அமைப்பு மொனிட்டரோடு சேர்த்து 150 வாட்டுக்குள் அடங்கும். கரண்ட் போனாலும் வேலையைச் சேமித்து அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும். ப்ரின்டரை யூபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள்.

முதல் தடவை போடும்போது

ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றுமில்லை என்றால் இந்த வரிசையில் பாருங்கள்:

1. ப்ரொசசருக்கு அருகே உள்ள 8 பின் பவர் கேபிள். மறந்துபோவது பெரும்பாலும் இதுதான்.
2. ரேம் கிளிக் என்று முழுதாக இறங்கியிருக்கிறதா. கையில் பயம் இருப்பதால் பாதியில் விட்டுவிடுவார்கள்.
3. ஒரே குச்சியை வைத்து, துளை மாற்றிப் பாருங்கள்.
4. அப்போதும் வராவிட்டால் பட்டன் பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள்.

1க்கும் 4க்கும் கை வைக்குமுன் ப்ளக்கைக் கழற்றுங்கள். ரேமுக்கும் அப்படியே.

திரை வந்ததும் பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் அமைப்பு) ஒன் செய்யுங்கள். சில ஏஎம்டி போர்டுகளில் டிஓசிபி என்று இருக்கும். செய்யாவிட்டால் 3200 வேகத்துக்குக் காசு கொடுத்த ரேம் 2400இலோ 2666இலோ ஓடிக்கொண்டிருக்கலாம், யாரும் சொல்லமாட்டார்கள்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. மேலே சொன்ன இரண்டு ப்ரொசசரிலும் விண்டோஸ் 11 ஓடும். லைசென்ஸுக்குக் காசில்லை என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். பைத்தன் பயிற்சிக்கு அது தாராளமாகப் போதும்.

பின்னர் சேர்த்தது: 16 ஜிபி போட்டும் விண்டோஸ் 14 சொச்சம்தான் காட்டுகிறது என்றால் ரேம் பழுதில்லை. மீதியை உள் கிராஃபிக்ஸ் ஒதுக்கி வைத்திருக்கிறது. எவ்வளவு ஒதுக்குவது என்பதை ஏஎம்டி போர்டுகளின் பயோஸில் யூஎம்ஏ என்ற இடத்தில் மாற்றலாம். விளையாடாதவர்கள் 512 எம்பி வைத்தால் போதும்.