பிரைடு ரைஸ் கடை தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீன உணவுக் கடை வைக்கும் இளைஞர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். அவர்களுடைய சமையலறைக்குப் போய்ப் பார்த்தால், தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த காரியங்களே அப்படியே நடந்துகொண்டிருக்கின்றன. உப்பு கூடியது, நூடுல்ஸ் குழைந்தது போன்றவற்றை வாடிக்கையாளரே சொல்லித் திருத்திவிடுவார். அவருக்குத் தெரியவராதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

இரவெல்லாம் வெளியே கிடக்கும் சோறு

பிரைடு ரைஸுக்கு முதல் நாள் சோறு நல்லது என்பது உண்மைதான். ஈரம் வற்றிய சோறு உதிரியாக வறுபடும். இந்தப் பாதி உண்மையைப் பிடித்துக்கொண்டு, இரவு வடித்த பாசுமதியை அண்டாவோடு மூடி, மேடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இதைப் பார்க்கும்போதுதான்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் இருக்கும். சோறு கொதிக்கும்போது அவை சாவதில்லை. அண்டாவின் நடுப்பகுதி வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருப்பதால், அங்கே முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. “எங்கள் அடுப்புத் தீயில் எந்தக் கிருமி பிழைக்கும், மாஸ்டர்?” என்று கேட்கிறார்கள். கிருமி சாகும், நஞ்சு சாகாது. 120 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தாலும் சிதையாத நஞ்சு அது. சட்டியில் இரண்டு நிமிடம் புரட்டுவதால் என்ன ஆகும்? நஞ்சு இருந்தாலும் சோற்றின் வாடையும் மாறாது, ருசியும் மாறாது.

தாம்பரம் பக்கம் ஒரு கடையிலிருந்து பிறந்தநாள் விருந்துக்குப் பார்சல் போயிற்று. சாப்பிட்ட சில மணி நேரத்தில் குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக வாந்தி எடுத்தார்கள். கடைக்காரர் கோழி கொடுத்தவரோடு சண்டை போட்டு, வேறு ஆளிடம் கறி வாங்கத் தொடங்கினார். நான் போனபோதும் சோற்று அண்டா அதே மேடையில்தான் இருந்தது. சொல்லிப் பார்த்தேன், குளிர்பெட்டியில் வைத்தால் கட்டிதட்டிவிடும் என்றார். அந்தக் கடை இப்போது இல்லை.

1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சீன உணவகங்களில் சாப்பிட்ட பலர் இப்படித்தான் வாந்தி எடுத்தார்கள். ஆராய்ந்தபோது, வேகவைத்த சோறு வெளியிலேயே வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. கட்டிதட்டிவிடும் என்ற அதே பயம்தான் அங்கேயும் காரணம்.

செய்ய வேண்டியது கடினமே அல்ல. வடித்ததும் அகலத் தட்டுகளில் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்புங்கள். மின்விசிறிக் காற்றில் ஆவி போனதும், இரண்டு மணி நேரம் கடப்பதற்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். உள்ளே 5 பாகைக்கு மேல் போகக் கூடாது. மறுநாள் கையை லேசாக நனைத்து உதிர்த்தால் கட்டி உடைந்துவிடும். தள்ளுவண்டியில் குளிர்பெட்டிக்கு வழியில்லை என்றால் அன்றன்றைக்குக் கொஞ்சமாக வடித்துப் பரப்பி ஆற்றி, உடனுக்குடன் வறுத்துவிடுங்கள். மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். அரிசி விலையைக் கணக்குப் பார்க்கும் இடம் இது அல்ல.

ஒரே சட்டியில் ஆறு பிளேட்

வேண்டாம். இரண்டுக்கு மேல் போட்டால் சட்டியின் சூடு இறங்கி, சோறு வறுபடாமல் வேகும்.

“அஜினோமோட்டோ சேர்ப்பதில்லை” என்ற பலகை

பலகையை மாட்டுவதற்கு முன்பு, நீங்கள் வாங்கும் சாஸ் புட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். பல சாஸ்களிலும் சூப் பொடிகளிலும் அந்த உப்பு ஏற்கெனவே இருக்கிறது. 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த சுவை அது. அளவோடு சேர்ப்பதில் எனக்கு மறுப்பில்லை. சேர்த்துவிட்டு இல்லை என்று எழுதுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நிறப்பொடி

தொடவே தொடாதீர்கள். கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதற்குக் கர்நாடகம் 2024 மார்ச்சில் தடை விதித்தது. காஷ்மீரி மிளகாயை ஊறவைத்து அரைத்தால் போதுமான சிவப்பு கிடைக்கும்.

மஞ்சூரியனைப் பற்றிய கூச்சம்

“அசல் சீன உணவு” என்று எழுதிவிட்டு மஞ்சூரியனைப் பட்டியலின் மூலையில் ஒளிக்கிறார்கள். சிக்கன் மஞ்சூரியன், கொல்கத்தாவில் பிறந்த சீனரான நெல்சன் வாங் 1975-இல் மும்பையில் உருவாக்கியது. கொல்கத்தாவின் டாங்ராவில் ஹக்கா என்ற சீனப் பிரிவைச் சேர்ந்த குடும்பங்கள் இந்திய நாக்குக்கு ஏற்ப வளர்த்த சமையலும் இதே வழியில் வந்ததுதான். மஞ்சூரியனைப் பட்டியலின் முதல் வரியிலேயே எழுதுங்கள்.