அக்டோபர் 8: சிகாகோவோடு நிறுத்திவிடாதீர்கள்

'வரலாற்றில் இன்று' என்று அக்டோபர் 8-க்குக் குறிப்பு எழுதுகிறவர்கள் பலர், 1871 சிகாகோ தீயை எழுதியதும் முடித்துக்கொள்கிறார்கள். அதே ஞாயிறு இரவில், சுமார் 400 கிலோமீட்டர் வடக்கே, விஸ்கான்சின் மாநிலத்தின் பெஷ்டிகோ என்ற மரம் அறுக்கும் ஊர் அடியோடு எரிந்துபோனது. சிகாகோவில் இறந்தவர்கள் ஏறக்குறைய 300 பேர். பெஷ்டிகோவிலும் சுற்றுப்புறத்திலும் குறைந்தது 1,200 பேர். விஸ்கான்சின் வரலாற்றைத் தேதிவாரியாக எழுதும்போது இதை விட்டுவிடுவது சின்னப் பிழை அல்ல.

அன்றைக்கும் இப்படித்தான் நடந்தது. தந்திக் கம்பிகள் எரிந்துவிட்டதால் தலைநகர் மேடிசனுக்குச் செய்தி போய்ச் சேரவே 10-ஆம் தேதி ஆகிவிட்டது. ஆளுநர் லூசியஸ் ஃபேர்சைல்டோ அதற்குள் சிகாகோவுக்கு உதவக் கிளம்பிவிட்டார். அவருடைய மனைவி பிரான்சிஸ்தான், சிகாகோவுக்குப் போகவேண்டிய நிவாரண ரயிலை பெஷ்டிகோ பக்கம் திருப்பிவிட்டார். ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் போர்வைகளையும் ஏற்றி அனுப்பினார்.

அடுத்தது எண்ணிக்கை. 1,200 முதல் 2,500 வரை பல கணக்குகள் உண்டு. அதில் ஒன்றை மட்டும் எடுத்து உறுதியாக எழுதாதீர்கள். ஊர்ப் பதிவேடுகளே எரிந்துபோயின. அடையாளம் சொல்ல ஆளில்லாமல் சுமார் 350 பேரை ஒரே குழியில் புதைத்தார்கள்.

மிச்சிகனிலும் அதே நாளில் ஊர்கள் எரிந்ததால், வால்நட்சத்திரத் துண்டு விழுந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. அது வேண்டாம். மாதக்கணக்கில் மழையில்லை. நிலம் திருத்தவும் ரயில் பாதை போடவும் வைத்த சிறு தீக்கள் வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருந்தன. அன்று மாலை வந்த பலத்த காற்று அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டது. சிகாகோவில் திருமதி ஓலியரி என்ற பெண்ணின் மாடு விளக்கை உதைத்ததால்தான் தீ பிடித்தது என்பதும் அப்படி ஒரு கதைதான். 1997-இல் அந்த நகர மன்றமே அவர்மீது பழியில்லை என்று தீர்மானம் போட்டது.

பெஷ்டிகோ ஆற்றில் நின்று உயிர் பிழைத்த பாதிரியார் பீட்டர் பெர்னின் எழுதிய குறிப்பிலும் ஒரு மாடு வருகிறது. ஆற்றுக்கு மேலேயும் நெருப்பு பறந்ததால் எல்லோரும் தலையில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டே நின்றார்கள். அப்போது ஒரு மாடு மோதி ஒரு பெண் நீருக்குள் போய்விட்டாள். அவ்வளவுதான் என்று அவர் நினைத்த நேரத்தில், ஒரு கையால் அதன் கொம்பைப் பிடித்தபடி, மறு கையால் தலையில் தண்ணீர் இறைத்துக்கொண்டு அவள் மேலே வந்தாள். மாடு நீந்திப்போய் அவளைக் கரை சேர்த்தது.